வெள்ளிகள் பொழிந்த இரவு



வானசாத்திரம் என்றவுடன் மலையுச்சியில் அமைந்த அவதானநிலையமும், அதனுள் நிறுவப்பெற்ற பெரிய தொலைகாட்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அக்கருவி பயன்படாத பகுதியொன்றும் அச்சாத்திரத்தில் உண்டு. எரிவெள்ளி என்றும் எரிநட்சத்திரம் என்றும் நாம் வழங்கும் ஒளிக்கீற்று, கண்மூடித் திறப்பதற்குள் தோன்றி மறைந்துவிடுகின்றது. அது எத்திசையில் எழும், எந்த நிமிடத்தில் எழும் என்பதை முன்கூட்டி உரைப்பார் இல்லை. வானத்தின் ஒரு சிறு துண்டை மட்டுமே காட்டவல்ல தொலைகாட்டியால் அதனைப் பிடித்தல் அரிது. திறந்த கண்ணும் திறந்த முற்றமும் போதும். ஆகவே எரிவெள்ளிகளை மனிதன் அறிந்துகொண்ட வரலாறு, பெரும்பாலும் தத்தம் வீட்டு வாயிலில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் வரலாறேயாகும். அவ்வரலாற்றின் நடுவே, 1833ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 12ஆம் திகதி கழிந்து 13ஆம் திகதி புலர்வதற்கு முன் நின்ற இரவு ஒன்று இருக்கின்றது. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அதற்கு முன்னிருந்த நிலையைச் சற்று நோக்குவோம். புறநானூற்றின் 229ஆம் செய்யுளைப் பாடிய கூடலூர் கிழார், பங்குனி மாதத்து இரவொன்றில் விண்மீன் ஒன்று எரிந்து விழக் கண்டார். கண்டவர், அவ்வேளையில் உச்சியிலிருந்து சாய்ந்த மீன் எது, எழுகின்ற மீன் எது, மறைகின்ற மீன் எது என்பனவற்றையும் ஒழுங்காகச் சொல்லி வைத்தார். சேர மன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சினார். ஏழாம் நாளில் மன்னன் இறந்தான் என்பது செய்யுள் தரும் செய்தி. அவருடைய அச்சத்தை நாம் இன்று ஏற்கமாட்டோம். ஆயினும் காலத்தையும் திசையையும் விண்மீன்களின் நிலையையும் அவர் குறித்த முறையைப் பாருங்கள். இன்று எரிவெள்ளி பார்ப்போர் தம் குறிப்பேட்டில் எழுதுவனவும் ஏறக்குறைய அவைதாமே!

கிரேக்க ஞானியாகிய அரிஸ்டோட்டில் இதற்கு வேறொரு விளக்கம் தந்தார். நிலத்திலிருந்து எழும் உலர்ந்த ஆவி மேற்சென்று தீப்பற்றுவதே எரிவெள்ளி என்றார். அவ்வாறாயின் அது மழையையும் இடியையும் சேர்ந்த பொருளாகும். வானநூலார் அதனைக் கவனிக்கவேண்டியதில்லை. மேனாட்டுக் கல்வியுலகம் இக்கொள்கையை ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் மறுக்காதிருந்தது.

அதனை அசைத்தவர்கள் இரண்டு மாணவர்கள். ஜேர்மனியில் கொட்டிங்கன் நகரத்துச் சர்வகலாசாலையில் பயின்ற பிராண்டெஸ், பென்சென்பேர்க் என்போர் 1798ஆம் ஆண்டில் சில கிலோமீற்றர் இடைவெளியில் இரண்டு இடங்களில் நின்று ஒரே வேளையில் வானத்தைப் பார்த்தார்கள். கையை நீட்டிப் பெருவிரலை நிமிர்த்தி, முதலில் ஒரு கண்ணாலும் பின் மற்றக் கண்ணாலும் நோக்குங்கள். விரல் இடம்மாறுவதுபோலத் தோன்றும். அவ்வாறே ஒரே எரிவெள்ளி இருவர்க்கும் வெவ்வேறு விண்மீன்களுக்கு முன்னே ஓடுவதாகத் தோன்றும். அந்த வேறுபாட்டைக்கொண்டு உயரத்தைக் கணிக்கலாம். இருவரும் ஒருங்கே கண்டவை 22 மாத்திரமே. எனினும் அவை ஏறக்குறைய 100 கிலோமீற்றர் உயரத்தில், முகில்களுக்கு நெடுந்தூரம் மேலே எரிகின்றன என்பது அவற்றால் தெளிவாயிற்று. அவை எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி மட்டும் நின்றது.

மறு ஆண்டு, 1799ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் திகதி விடியற்காலையில், பிரயாணியும் விஞ்ஞானியுமாகிய ஹம்போல்ட் என்பார் தென்னமெரிக்காவில் குமானா என்னும் கரையோரப் பட்டினத்தில் ஆயிரக்கணக்கான எரிவெள்ளிகள் வீழக் கண்டார். இதுபோன்றதொரு காட்சி 1766ஆம் ஆண்டிலும் தோன்றியது என்று அவ்வூர் முதியோர் அவருக்குக் கூறினர். 1766க்கும் 1799க்கும் இடையில் உள்ளவை 33 ஆண்டுகள். பிற்காலத்துக் கணிதர் தேடியலைந்த எண் அம்முதியோர் வாயில் அன்றே இருந்தது. கேட்டவர் அதனைக் கூட்டிப் பார்க்கவில்லை.

இனி 1833ஆம் ஆண்டுக்கு வருவோம். அன்றிரவு வட அமெரிக்கா முழுவதிலும் வானம் தெளிந்திருந்த இடந்தோறும் எரிவெள்ளிகள் பொழியத் தொடங்கின. பொஸ்டன் நகரத்தார் ஒருவர், பனித்தூவல் விழும்போது காணப்படும் துகள்களின் தொகையில் பாதியளவு இருக்கும் என்று அதனை மதிப்பிட்டார். விடிவெள்ளம் பரந்து, பொழிவு தணிந்து, எண்ணத்தக்க நிலை வந்தபின் அவர் வானத்தின் பத்தில் ஒரு பங்கை மட்டும் நோக்கி எண்ணினார். 15 நிமிடங்களில் 650 எண்ணிக்கை கிடைத்தது. உச்சவேளையில் எத்தனை வீழ்ந்தன என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

உறங்கியவர்களை அயலவர் கூக்குரலிட்டு எழுப்பினர். வீடு தீப்பற்றியது என்று எண்ணி ஓடிவந்தோர் பலர். உலகமுடிவு வந்தது என்று முழந்தாளிட்டோர் அதனினும் பலர். ஆனால் காலை வந்தபோது ஒரு விண்மீன்கூடக் குறையவில்லை. வீழ்ந்தவை விண்மீன்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அன்றிரவைக் கண்டவர்களுள் கற்றோரும் செல்வரும் மட்டும் இருந்திலர். தென்மாநிலங்களின் தோட்டங்களில் இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அடிமைகளாய் இருந்தனர். அவர்களுட் பலருக்குப் பிறந்த ஆண்டு தெரியாது, எழுதிவைப்பார் இல்லை, எழுத்தறிவும் பல இடங்களில் சட்டத்தால் மறுக்கப்பட்டிருந்தது. அத்தகையோர்க்கு வெள்ளிகள் விழுந்த இரவு ஒரு காலக்கல்லாயிற்று. அதற்கு முன் பிறந்தவன், அதற்குப் பின் விற்கப்பட்டவள் என்று வாழ்நாளை அளக்க அது உதவியது. அடிமை வாழ்விலிருந்து தப்பிப் பின்னாளிற் பெரும் பேச்சாளராக விளங்கிய பிரெடெரிக் டக்ளஸ், தாம் ஓர் ஊருக்கு மாற்றப்பட்ட ஆண்டு 1833 என்பதை இந்த எரிவெள்ளிப் பொழிவைக் கொண்டே தாம் அறிவதாக, 1855இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலிற் கூறுகின்றார். சமவெளிகளில் வாழ்ந்த லக்கோட்டா மக்களும், ஆண்டுக்கு ஒரு சித்திரம் எழுதும் தம் தோற்சுருள்களில் அவ்வாண்டுக்கு வீழும் விண்மீன்களையே வரைந்து வைத்தனர். இத்தனை பேர் கண்ட சாட்சியத்தில் மிகச் சிறிய பகுதியே விஞ்ஞானிகளின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்தச் சிறிய பகுதியைச் சேர்த்தவர் டெனிசன் ஓம்ஸ்டெட். நியூ ஹேவன் நகரத்து யேல் கல்லூரியிற் கணிதமும் பௌதிகமும் கற்பித்த பேராசிரியர். அவரையும் அயலவரே எழுப்பினர். அவர் விடியும்வரை பார்த்தார். பார்த்தபின், தாம் கண்டது போதாது என்று உணர்ந்தார். அன்றே உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் கண்டதை அதில் விவரித்து, வேறிடங்களிற் பார்த்தவர்கள் தாம் கண்டவற்றைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொண்டார். அக்கடிதத்தை ஏனைய பத்திரிகைகளும் எடுத்து வெளியிட்டன. நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மறுமொழிகள் வந்து குவிந்தன. பொதுமக்களிடம் கடிதம் கேட்டு ஒரு விஞ்ஞான உண்மையை நிறுவிய முயற்சிகளுள் இது மிக முந்திய ஒன்று.

அக்கடிதங்கள் காட்டிய உண்மை யாது? நெடுந்தூரம் பிரிந்து நின்றவர்கள் அனைவரும், எரிவெள்ளிகள் யாவும் வானத்தின் ஓரிடத்திலிருந்தே புறப்பட்டுச் சிதறின என்றனர். அவ்விடம் சிங்கராசியின் கழுத்துப் பகுதி. மேலும், சிங்கராசி மேற்கு நோக்கி நகர நகர அந்த இடமும் அதனோடு நகர்ந்தது. காற்றுமண்டலத்திற் பிறந்த பொருளாயின் அது பூமியோடு சேர்ந்து சுழன்றிருக்கவேண்டும், விண்மீன்களைப் பின்பற்றியிராது. எனவே எரிவெள்ளிகள் பூமிக்குப் புறத்தேயிருந்து வருகின்றன என்பது உறுதியாயிற்று. அரிஸ்டோட்டிலின் உலர்ந்த ஆவி அன்றோடு அடங்கிற்று. ஓரிடத்திலிருந்து சிதறுவதுபோல் தோன்றுவது கண்ணின் மயக்கமே. புகையிரதப் பாதையின் நடுவே நின்று நோக்கினால், இணையாகச் செல்லும் தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியிற் பிறந்து நம்மை நோக்கி அகல்வதாகத் தெரியுமன்றோ? அதுவே இங்கும் நிகழ்கின்றது.

ஓம்ஸ்டெட் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்பதற்கில்லை. எரிவெள்ளிகளைத் தரும் மேகம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை சூரியனைச் சுற்றுகின்றது என்று அவர் கருதியது தவறு. அதனைத் திருத்துவதற்குப் பழைய ஏடுகள் வேண்டியிருந்தன. அவற்றைத் தேடியவர் அதே யேல் கல்லூரியின் ஹியூபேர்ட் நியூட்டன். கி.பி. 902ஆம் ஆண்டில் ஒரு மன்னன் இறந்த செய்தியோடு சேர்த்து எழுதப்பட்ட குறிப்பு முதலாகப் பல நூற்றாண்டுக் குறிப்புகளை அவர் திரட்டினார். அவற்றை எழுதியோருட் பலர் அஞ்சியே எழுதினர். எனினும் நாளைப் பிழைபடாமல் எழுதினர், அது போதுமாயிருந்தது. இப்பொழிவு ஏறத்தாழ 33 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகுகின்றது என்று கண்ட நியூட்டன், 1866ஆம் ஆண்டு நவம்பரில் மீண்டும் வரும் என்று 1864இல் அறிவித்தார். சொன்னபடியே வந்தது. கிறீனிச்சில் மட்டும் ஓரிரவில் 8,000க்கு மேற்பட்ட எரிவெள்ளிகள் எண்ணப்பட்டன. அதன் பின் கேம்பிரிட்ஜ் கணிதர் அடம்ஸ், கோள்களின் இழுப்பைக் கணித்து, பொருந்தக்கூடிய சுற்றுக்காலம் 33¼ ஆண்டே என நிறுவினார். டெம்பல், டட்டில் என்னும் இருவர் சில திங்களுக்கு முன் தனித்தனியே கண்ட வால்வெள்ளியின் ஒழுக்கும் எரிவெள்ளிகளின் ஒழுக்கும் ஒன்றே என்பது 1867இல் வெளிப்பட்டது. வால்வெள்ளி தன் வழியில் உதிர்த்துச் சென்ற துகள்களினூடே பூமி புகும்போது, மணலளவான அத்துகள்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 71 கிலோமீற்றர் வேகத்திற் காற்றிற் பாய்ந்து எரிகின்றன. இரவு முழுவதும் வானத்தை நிறைத்த அத்தீயின் முதல் இவ்வளவே.

வெற்றியால் நம்பிக்கை மிகுந்தது. 1899ஆம் ஆண்டு நவம்பரில் பெரும்பொழிவு வரும் என்று பத்திரிகைகள் பறைசாற்றின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் குளிரில் விழித்திருந்தனர், வந்தவை மிகச்சிலவே. வியாழனும் சனியும் துகள்களின் வழியைச் சற்றே விலக்கிவிட்டன என்று ஸ்டோனி, டௌனிங் என்னும் இருவர் முன்னரே கணித்து எச்சரித்திருந்தனர். திருவிழாவை எதிர்பார்த்துக் காத்திருந்தவர் காதில் அது விழவில்லை. வானநூலார் சொல்லில் மக்கள் வைத்த மதிப்பு அவ்விரவிற் பெரிதும் குறைந்தது.

அந்த மதிப்பை மீட்பதற்கு ஒரு நூற்றாண்டு சென்றது. இடையில் 1966ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி, மேற்கு அமெரிக்காவில் விழித்திருந்தவர்கள், எவரும் உறுதியாக எதிர்பாராத பெரும்பொழிவைக் கண்டனர். அரிசோனாவில் நின்ற ஒரு குழுவினர், உச்சவேளையிற் செக்கனுக்கு 40 வரை வீழ்ந்தன என மதிப்பிட்டனர். ஒவ்வொரு வருகையிலும் வால்வெள்ளி உதிர்த்த துகட்பாதையைத் தனித்தனியே கணிக்கும் முறை அதன் பின் வளர்ந்தது. அம்முறையைக் கையாண்டு அஷர், மக்நோட் என்போர் 1999ஆம் ஆண்டுப் பொழிவுக்கு முன்கூட்டியே நேரம் குறித்தனர். சில நிமிட வித்தியாசத்தில் அது நிகழ்ந்தது. உச்ச நேரத்தை உறுதி செய்தவற்றுள், பல நாடுகளில் விழித்திருந்த தன்னார்வலர் எண்ணி அனுப்பிய தொகைகளும் இருந்தன. ஓம்ஸ்டெட்டின் கடிதம் கேட்டதும் அதைத்தானே!

உத்தியோகமோ பட்டமோ இன்றி இத்துறையில் உழைத்த ஒருவரையும் சொல்லாமல் விடலாகாது. இங்கிலாந்திற் பிறிஸ்டல் நகரத்து வில்லியம் டென்னிங் கணக்காளராகப் பணிபுரிந்தவர். தம் வீட்டுத் தோட்டத்திலிருந்தே பல்லாண்டுகள் வானத்தைப் பார்த்துக் குறித்தார். ஓகஸ்ட் மாதத்தில் வரும் பொழிவின் புறப்படுமிடம் இரவுக்கு இரவு சிறிது நகர்கின்றது என்று கண்டவர் அவர். 1898இல் அரச வானியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

இனி, நம் முற்றத்திலிருந்து எப்பொழுது பார்க்கலாம் என்று கேட்பீர்கள். சிங்கராசிப் பொழிவு ஆண்டுதோறும் நவம்பர் 17ஆம் திகதியை ஒட்டி வரும். பெரும்பாலான ஆண்டுகளில் மணித்தியாலத்திற்குப் பத்துப் பதினைந்துக்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். டிசம்பர் 14ஆம் திகதியை ஒட்டி மிதுனராசியிலிருந்து வருவதே ஆண்டில் மிகச் செழிப்பானது. ஆனால் வடகீழ்ப் பருவமழையின் முகில் நம் நாட்டில் இவ்விரண்டையும் அடிக்கடி மறைத்துவிடுகின்றது. ஓகஸ்ட் 12, 13ஆம் திகதிகளில் வரும் பொழிவே யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உள்ளோர்க்கு வாய்ப்பானது. அப்பொழுது அங்கே வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். அது புறப்படும் இடம் வடவானில் தாழ்ந்து நிற்பதால் வடகிழக்கு நோக்கிப் பாயை விரித்தல் நன்று. நள்ளிரவு கழிந்தபின் பார்க்கவேண்டும். மழைக்குள் ஓடுபவனுக்கு முதுகினும் மார்பே அதிகம் நனைவதுபோல, பூமி செல்லும் திசைக்கு முகங்கொடுக்கும் பின்னிரவிலேயே எரிவெள்ளிகள் மிகுதியாகத் தோன்றும். விளக்கை அணைத்து அரை மணித்தியாலம் இருளிற் கண்ணைப் பழக்குங்கள். ஒருவர் பார்க்க, மற்றொருவர் நேரத்தைக் குறிக்கட்டும். நிலவு நாட்களிற் சிறியவை கண்ணுக்குப் புலப்படா. டெம்பல் டட்டில் வால்வெள்ளி 1998இற் சூரியனை அணுகித் திரும்பிச் சென்றது. 2031ஆம் ஆண்டில் மீண்டும் வருகின்றது.