ஒரு ஸாவு என்பது எவ்வளவு? – முகத்தல் அளவையின் வரலாறு

நோன்புப் பெருநாள் நெருங்கும்போது, 'ஃபித்ரா அரிசி எத்தனை கிலோ?' என்னும் கேள்வி ஆண்டுதோறும் நம்மிடையே எழுகின்றது. ஒருவர் இரண்டரை என்பார்; மற்றொருவர் மூன்று என்பார். இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிய, கன அளவுக்கும் நிறைக்கும் உள்ள வேற்றுமையை வரலாற்றின் துணையோடு சற்றே நோக்குவோம்.

ஸாவு என்பது நிறுத்தல் அளவை அன்று, முகத்தல் அளவையாகும். நம் முன்னோர் நெல்லைப் படியாலும் மரக்காலாலும் அளந்ததுபோல, மதீனாவாசிகள் பேரீச்சையையும் வாற்கோதுமையையும் முகந்தளந்த கலமே ஸாவு. நடுத்தர மனிதர் ஒருவர் இரு கைகளாலும் சேர்த்து அள்ளும் அளவு ஒரு 'முத்'. நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாவு. கலம் கொள்ளும் கன அளவு என்றும் மாறாது. அதில் நிரப்பப்படும் பொருளின் நிறையோ தானியத்துக்குத் தானியம் மாறும்.

கூஃபாவில் ஸாவு எட்டு ராத்தல் எனக் கொள்ளப்பட்டது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவரான இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 182, கி.பி. 798) மதீனா சென்றபோது, அவ்வூராரிடம் ஸாவைப் பற்றி வினவி, அதற்குச் சான்றும் கேட்டார்கள். மறுநாள் காலை முஹாஜிர்கள், அன்சார்கள் ஆகியோரின் வழித்தோன்றல்களான ஏறத்தாழ ஐம்பது முதியவர்கள், தத்தம் மேலாடைக்குள் ஒரு ஸாவுக் கலத்துடன் வந்தனர். இது நபி (ஸல்) அவர்களின் ஸாவு எனத் தம் பெற்றோர் வழியே அறிந்ததாக ஒவ்வொருவரும் கூறினர். கலங்கள் யாவும் ஒத்திருந்தன. அளந்து பார்த்தபோது ஐந்தே மூன்றிலொரு ராத்தலுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. சான்று கண்ட இமாமவர்கள் தம் ஆசிரியரின் கருத்தைவிட்டு மதீனாவாசிகளின் கருத்தை ஏற்றார்கள் என அறிவிக்கப்படுகின்றது. மதீனா ராத்தல் பாக்தாத் ராத்தலைவிடப் பெரியது; ஆகவே இரு கணக்கும் ஒன்றே எனப் பிற்கால ஹனஃபி அறிஞர் சிலர் விளக்கினர்.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) இச்சிக்கலின் வேரையே சுட்டினார்கள். ஸாவு ஒரு முகத்தல் கலம். சோளம், கொண்டைக்கடலை என இடப்படும் பொருளுக்கேற்ப அதன் நிறை மாறும். எனவே ராத்தலால் அதனை வரையறுப்பது இடர்ப்பாடுடையது என்றார்கள்.

இதே உண்மையை அல்பிரூனி (பிறப்பு கி.பி. 973) ஆய்வினால் நிறுவினார். கூம்பு வடிவக் கலத்தில் நீரை நிரப்பி, ஒரே நிறையுள்ள உலோகங்களைத் தனித்தனியே இட்டு, அவை வெளியேற்றிய நீரை நிறுத்தார். பொன் வெளியேற்றிய நீர், வெள்ளி வெளியேற்றியதைவிட மிகக் குறைவாக இருந்தது. நிறை ஒன்றாயினும் கன அளவு வேறு என்பது இவ்வாறு எண்களால் புலனாயிற்று. இம்முடிவுகளை அல்காஸினி, ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலில் பதிவு செய்தார்.

நீரில் இடாமலே வடிவத்தைக் கொண்டு கன அளவைக் கணித்தோரும் உண்டு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூமூஸா சகோதரர் மூவர், கோளத்தின் ஆரத்தை அதன் மேற்பரப்பில் மூன்றிலொரு பங்கால் பெருக்கினால் கன அளவு கிட்டும் என நிறுவினர். கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் முன்னரே கண்ட உண்மைக்கு இவர்கள் தம் வழியில் நிறுவல் தந்தனர். அந்நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனுக்குச் சென்றது.

இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? கிலோ என்பது நம் வசதிக்கான கணக்கு. மூல அளவு கலமே. ஓர் ஆண்டு வழங்கும் அரிசி வேறு, மறு ஆண்டு வழங்கும் அரிசி வேறு. சட்டத் தீர்ப்பு நம் உலமாக்களுக்குரியது. ஆயினும், அவர்கள் உறுதிசெய்யும் ஸாவுக் கலம் ஒன்றைப் பள்ளிவாசலில் வைத்து, அவ்வாண்டு அரிசியை அதில் நிரப்பி நிறுத்துப் பார்ப்பது எளிய செயலே. அளவில் குறைவது ஒரு பிடி அரிசியாயினும், அது ஏழையின் உரிமை என்பதை நாம் மறத்தலாகாது.