ஸ்டாஸிஸ்

பழைய கிரேக்கத்தில் ‘ஸ்டாஸிஸ்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் நிற்றல். அங்கிருந்து நிற்கும் இடம், நிலைப்பாடு, ஒரே நிலைப்பாட்டில் நிற்பவர்களின் கட்சி, பிறகு கட்சிகள் நகருக்குள்ளேயே ஒன்றையொன்று கொன்று தீர்க்கும் சண்டை. நம் ‘நில்’லும் நிலை, நிலைப்பாடு, நிலையம் என்று கிளைத்திருக்கிறது, ரத்தம்வரை போகவில்லை. ஏதென்ஸில் இன்றும் பஸ் நிற்குமிடத்துக்கும் கலகத்துக்கும் இதே சொல்தான்.

மொழிபெயர்ப்பாளர்கள் இடத்துக்கேற்ப ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். அல்கேயஸ் புயற்காற்றுகளுக்கு இச்சொல்லை இடுகிறார். காற்றுகளின் திசையா, அவற்றின் சச்சரவா என்று பண்டிதர்களுக்குள் வாதம். மிட்டிலீனி நகரின் கட்சிச் சண்டையில் நாடு கடத்தப்பட்ட கவிஞருக்கு இரண்டுமே வேண்டியிருந்தன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லின் முழு விரிவும் தெரிவது கொர்கிராத் தீவில், கி.மு. 427-இல். ஜனநாயகக் கட்சி ஏதென்ஸின் பக்கம். பிரபுக்கள் ஸ்பார்ட்டாவின் பக்கம். ஏதென்ஸின் 60 கப்பல்கள் அங்கே தங்கியிருந்த 7 நாட்களும் கொலை. கோயிலில் அடைக்கலம் புகுந்தவர்கள் வெளியே இழுக்கப்பட்டார்கள். டயோனிஸஸ் கோயிலில் சிலரை உள்ளே வைத்துச் சுவரெழுப்பினார்கள். கடன் வாங்கியவன், கொடுத்தவனைத் தீர்த்துக் கட்டினான். தூஸிடிடீஸ் இதோடு நிறுத்தவில்லை. நிதானத்துக்குக் கோழைத்தனம் என்று பெயர் வந்ததையும், வெறிக்கு ஆண்மை என்று பெயர் வந்ததையும் கொலைகளுக்குச் சமமான செய்தியாகவே எழுதுகிறார். எந்தப் பக்கமும் சேராதவர்களை இரு பக்கத்தாரும் அழித்தார்கள் என்கிறார்.

ஸ்டாஸிஸ் மூளும்போது எந்தப் பக்கமும் ஆயுதமெடுக்காதவன் பிரஜா உரிமையை இழப்பான் என்று சோலோன் விதித்ததாக, அரிஸ்டாட்டிலின் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசியலமைப்பு நூல் சொல்கிறது. சட்டம் சோலோனுடையதுதானா என்ற சந்தேகம் உண்டு, இருக்கட்டும். ஒதுங்கி நிற்பதே எழுத்தாளனின் தர்மம் என்று நம்மில் பலர் பேசுகிறோம். அதைக் கிரேக்கத்தில் சொல்லப் புகுந்தால் ‘நிற்பது’ என்ற சொல்லே காலை வாரிவிடும்.

தூஸிடிடீஸும் ஒதுங்கி நின்றவரல்ல. கி.மு. 424-இல் ஆம்ஃபிபோலிஸைக் காக்கத் தவறிய ஏதென்ஸ் தளபதி அவர். அதற்காக 20 ஆண்டுகள் நாடு கடத்தப்பட்டிருந்தார். இரு தரப்பாரின் காரியங்களையும், முக்கியமாக எதிரியினுடையவற்றை, நிதானமாகக் கவனிக்க அந்தக் காலம் உதவியது என்று அவரே குறித்திருக்கிறார்.