நீற்றுச் சுண்ணாம்பு

நீற்றுச் சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் காரச் சேர்மம், வெண்ணிறத் தூள். சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை செல்சியசில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி, உடைந்து நீறாகும்.

20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.7 கிராம்தான் கரையும். சர்க்கரையைப் போலன்றி, நீர் சூடேற ஏற இது கரைவது குறையும். தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் மதிப்பு ஏறத்தாழ 12.4. அதனுள் மூச்சை ஊதினால் பால்போல் கலங்கும்.

அந்தக் கலங்கலுக்குக் காரணமான வினையே சுவரையும் இறுக்குகிறது. பூசிய காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, மெல்ல மெல்ல மறுபடியும் சுண்ணாம்புக்கல்லாகிறது. தடித்த சுவரில் இதற்கு ஆண்டுகள் பிடிக்கும். சிமெண்டு நீரோடு வினைபுரிந்து விரைவில் இறுகுவதால், அவசரக் கட்டுமானத்தில் சுண்ணாம்பு பின்தங்கியது. ஆனால் சுண்ணாம்புக் காரை ஈரத்தை அடைத்து வைக்காது. பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பெயரும். பழைய வீட்டைப் பழுதுபார்ப்போர் செய்யும் பெரும்பிழை இது. முன்னாளில் கொத்தனார்கள் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் சுவர்ப்பூச்சில் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்ந்தது. சுண்ணாம்பால் வெள்ளையடித்த சுவரில் பூஞ்சை எளிதில் பிடிக்காது, காரத்தன்மையே காரணம்.

கட்டடத்துக்கு வெளியேயும் இதற்கு வேலை உண்டு. பனையேறிகள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருப்பதற்காக. ஆரத்தி நீர் சிவப்பது மஞ்சள் இந்தக் காரத்தில் நிறம் மாறுவதால். சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றைத் தெளியவைக்கவும், குடிநீர்ச் சுத்திகரிப்பிலும் இது பயன்படுகிறது.

ஈரத்தோடு சேர்ந்தால் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அமுக்கி விளையாடும்போது அது கண்ணில் தெறிப்பதுண்டு. தெறித்தால் தேய்க்கக் கூடாது. உடனே சுத்தமான நீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் விரைய வேண்டும். சுண்ணாம்பு டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.