இலகு லினக்ஸ் தளங்களில் பயனர் அமைப்புகளின் நிலைபேறு

வன்தட்டில் நிறுவப்படாமல் குறுவட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ தொடங்கி, பெரும்பாலும் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்திலேயே இயங்கும் சிறிய லினக்ஸ் தளங்களில், பயனர் செய்த மாற்றங்களைக் கணினி அணைந்த பின்னும் அழியாமல் காக்கும் ஏற்பாடு நிலைபேறு எனப்படும். யூனிக்ஸ் மரபில் பயனரின் விருப்பங்கள் அவருடைய இல்லக் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட கோப்புகளில் எழுதப்படுகின்றன. வன்தட்டில் அவை தாமாகவே தங்கிவிடுவதால் தனி ஏற்பாடு எதுவும் வேண்டியிருக்கவில்லை. எழுத முடியாத குறுவட்டே இயங்குதளத்தின் இருப்பிடமானபோதுதான் சிக்கல் எழுந்தது.

ஜெர்மனியின் கிளாவுஸ் க்னோப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், குறுவட்டிலிருந்து இயங்கும் லினக்ஸைப் பரவலாக்கியது. அதில் அமைப்புகளைச் சிறு தொகுப்பாக்கி நெகிழ்வட்டில் சேமிக்கவும், இல்லக் கோப்புறையை வெளியே ஒரு படிமக் கோப்பாக வைத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. 2003இல் ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் தொடங்கிய பப்பி லினக்ஸ் இதை மேலும் எளிதாக்கியது. முதல் முறை கணினியை அணைக்கும்போதே சேமிப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கவா என்று அது பயனரைக் கேட்டது. அந்தக் கோப்பு, மாற்ற முடியாத மூல அமைப்பின் மேல் எழுதத்தக்க அடுக்காகப் பொருத்தப்பட்டதால், பயனர் செய்த மாற்றங்கள் யாவும் அதில் சேர்ந்தன.

வேறொரு வழி டேம் ஸ்மால் லினக்ஸில் உருவானது. ஜான் ஆண்ட்ரூஸ் 2003இல் தொடங்கிய இத்தளம் தன் அளவை 50 மெகாபைட்டுக்குள் அடக்கிக்கொண்டது. காக்க வேண்டிய கோப்புகளின் பெயர்களை ஒரு பட்டியலில் எழுதி, அவற்றை மட்டும் சுருக்கித் தொகுக்கும் முறை அதில் அமைந்தது. அத்தளத்தின் உருவாக்கத்தில் பங்கேற்ற ராபர்ட் ஷிங்கிள்டெக்கர், 2008இல் தொடங்கிய டைனி கோர் லினக்ஸுக்கு அம்முறையைக் கொண்டுசென்று, அதையே தளத்தின் அடிப்படை இயல்பாக்கினார்.

டைனி கோர் ஒவ்வொரு முறையும் மாசற்ற புதிய அமைப்பாகவே தொடங்குகிறது. ஆப்ட் கோப்புறையில் உள்ள ஃபைல்டூல்.எல்எஸ்டி என்ற எளிய உரைக்கோப்பில் முதலில் இருப்பவை ஆப்ட், ஹோம் ஆகிய இரண்டு பெயர்களே. கணினியை அணைக்கும்போது காப்பு எடுக்கும்படி தெரிவு செய்தால், பட்டியலில் உள்ளவை மைடேட்டா.டிஜிஇசட் என்ற ஒரே தொகுப்பாகச் சுருக்கப்பட்டு வட்டில் எழுதப்படுகின்றன. அடுத்த தொடக்கத்தில் அத்தொகுப்பு நினைவகத்தில் விரிக்கப்படுகிறது. பட்டியலில் இல்லாதது மறைந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றிய பயனர், அது பதிவாகும் இடிசி/ஷேடோ கோப்பைப் பட்டியலில் சேர்க்கத் தவறினால், மறுதொடக்கத்தில் அந்த மாற்றம் இருக்காது. பாதையை எழுதும்போது தொடக்கச் சாய்கோடு இடப்படுவதில்லை என்பதையும் புதியவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இம்முறையின் பலவீனம் இல்லக் கோப்புறையில்தான் இருக்கிறது. படங்களும் காணொளிகளும் அங்கே குவிந்தால் தொகுப்பு பருத்து, அணைப்பதும் தொடங்குவதும் தாமதமாகின்றன. ஆகவே உலாவியின் இடைச்சேமிப்புப் போன்றவற்றை ஒதுக்கி வைக்க எக்ஸ்ஃபைல்டூல்.எல்எஸ்டி என்ற விலக்குப் பட்டியல் தரப்பட்டுள்ளது. தொடக்கக் கட்டளையில் ஹோம் என்ற குறியீட்டைச் சேர்த்து இல்லக் கோப்புறையை வட்டின் ஒரு பகுதியிலேயே நிலையாக வைப்பதும் உண்டு. எதிர்பாராமல் மின்சாரம் நின்றால் கடைசிக் காப்புக்குப் பின் செய்த வேலை போய்விடும் என்பதால், இடையிடையே காப்புக் கட்டளையை இயக்குவது அவசியம். சேஃப்பேக்கப் என்ற குறியீடு முந்தைய தொகுப்பையும் ஒரு பிரதியாக வைத்திருக்கும்.

நினைவகத்திலிருந்து இயங்கும் நிலையில் ஆல்பைன் லினக்ஸும் இதற்கு நெருங்கிய முறையையே கையாள்கிறது. அதன் எல்பியு கருவி இயல்பாக இடிசி கோப்புறையின் மாற்றங்களை மட்டும் தொகுக்கிறது. பயனர் கட்டளையிட்டால்தான் அவை வட்டில் எழுதப்படும்.

2014 டிசம்பரில் வெளியான லினக்ஸ் கர்னல் 3.18இல் ஓவர்லே கோப்பு முறைமை இடம்பெற்றதால், பப்பியில் கண்டது போன்ற அடுக்கு முறைக்கு இப்போது கர்னலிலேயே ஆதரவு உண்டு. எனினும் அடுக்கு முறை நல்ல மாற்றத்தோடு பிழையான மாற்றத்தையும் சேர்த்தே காத்துவைக்கிறது. பட்டியல் முறையிலோ, பட்டியலுக்கு வெளியே நேர்ந்த கோளாறு மறுதொடக்கத்தில் நீங்கிவிடுகிறது. அதனால் ஒருவரே நாள்தோறும் புழங்கும் கணினிக்கு அடுக்கு முறை வசதியானது. பலர் கைபடும் பொதுக் கணினிக்குப் பட்டியல் முறையே ஏற்றது.