பேரரசராலும் பெருக்க முடியாத வெள்ளைத் தேயிலை

தேயிலைன்னா பச்சைன்னுதானே நினைப்போம்? ஆனா சீனாவின் சொங் வம்சப் பேரரசர் ஹுய்சொங், 1107 வாக்கில் எழுதிய தேநீர் நூலில் ஒரு வெள்ளைத் தேயிலையைப் பத்திச் சொல்றார். பாறைக்காட்டில் தானாக முளைக்கும். நாலைந்து வீடுகளில், ஆளுக்கு ஒன்றிரண்டு செடிதான் இருக்கும். மனித முயற்சியால் அதை உண்டாக்க முடியாதாம்.

ஏன் முடியல? தேயிலைப் பூ பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தத்தில்தான் காய்க்கும். அதனால விதை போட்டா மரபணு கலந்துடும். தாயோட நிறம் பிள்ளைக்கு வரும்னு உறுதியில்லை.

1980களின் தொடக்கத்தில், ஜெஜியாங் மாகாணத்தின் அஞ்சி மலையில், வெளுத்த தளிர் விடும் ஒரு பழைய மரம் கவனத்துக்கு வந்தது. வசந்தகாலக் குளிரில் அதன் தளிரில் பச்சையம் சரியா உருவாகாது. வெப்பம் ஏறினா பச்சையாகிடும். வெளுத்த தளிரில் அமினோ அமிலங்கள் அதிகம்; கசப்பு குறைவு.

இந்த முறை விதையை நம்பல. குச்சி வெட்டி நட்டாங்க. வந்ததெல்லாம் தாயின் நகல். 2018-ல் அஞ்சி விவசாயிகள் ஏழை மலைக்கிராமங்களுக்கு 1.5 கோடி நாற்றுகளை நன்கொடையா அறிவிச்சாங்க.

ஒரே சிக்கல்: எல்லாமே நகல்னா, ஒரு செடியைச் சாய்க்கும் நோய் எல்லாத்தையும் சாய்க்கலாம். அதனால, விதையில் முளைச்சு நிறம் மாறி நிற்கும் காட்டுச்செடிகளையும் நாம காப்பாத்தணும்.