ஒட்டிய கல்லா, மிதக்கும் கல்லா?

படுக்கையில் புரண்டதும் அறையே சுழல்வதுபோல் தோன்றும். ஒரு நிமிடத்திற்குள் அடங்கிவிடும். தலையின் நிலை மாறும்போது எழும் இத்தலைச்சுற்றலை, உட்செவி ஆய்வுக்காக 1914-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்ற ராபர்ட் பாரனி 1921-இல் விவரித்தார். 1952-இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும், நோயாளியின் தலையைத் திருப்பி விரைவாகப் பின்னே சாய்த்து விழித்துடிப்பைக் கவனிக்கும் சோதனையை வகுத்தனர். நோயை அடையாளம் காண வழி பிறந்தது. தீர்க்க வழி பிறக்கவில்லை.

யுட்ரிக்கிள் என்னும் உட்செவிப் பையில் நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் உள்ளன. அவை இடம்பெயர்ந்து பின் அரைவட்டக் குழாயைச் சேர்வதே இந்நோய்க்குக் காரணம். 1969-இல் ஹரால்ட் ஷுக்நெக்ட், இறந்தோரின் செவியெலும்புகளில் தாம் கண்ட படிவுகளைக் கொண்டு, அக்குழாயின் உணர்பகுதியாகிய குபுலாவில் கல் படிந்துள்ளது எனப் பொருள்படும் பெயரை நோய்க்குச் சூட்டினார். ஒட்டியிருத்தல் என்னும் கருத்து அப்பெயருக்குள்ளேயே அமைந்துவிட்டது. 1974-இல் ரிச்சர்ட் கேசெக் முன்வைத்த தீர்வோ அக்குழாயின் நரம்பை வெட்டும் அறுவை.

விழிகள் இவ்விளக்கத்திற்கு இணங்கவில்லை. கல் ஒட்டியிருந்தால் தலை சாய்ந்திருக்கும்வரை துடிப்பு நீடிக்க வேண்டும். அதுவோ சில நொடி தாமதித்துத் தொடங்கி விரைவில் ஓய்கிறது. ஆகவே துகள்கள் குழாயின் திரவத்தில் கட்டற்று மிதக்கின்றன என 1979-இல் ஹால், ரூபி, மெக்ளூர் ஆகியோர் வாதிட்டனர். மிதப்பதை வெட்டவேண்டியதில்லை, நகர்த்தினால் போதும்.

அதைத்தான் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஜான் எப்லி செய்தார். நோயுற்ற செவியின் பக்கம் தலையை 45 பாகை திருப்பிப் படுக்கவைத்து, பின் மறுபக்கம் படிப்படியாகச் சுழற்றி எழுப்பினால், புவியீர்ப்பே துகள்களை யுட்ரிக்கிளுக்குத் திருப்பிவிடும். 1980-களில் அவர் இதை விளக்கியபோது சக மருத்துவர் பலர் நம்பவில்லை. சில நிமிடங்களில் கத்தியும் மருந்துமின்றி முடியும் சிகிச்சை அவர்களுக்கு மாயவித்தையாகத் தோன்றியிருக்கலாம். அவரது கட்டுரை 1992-இல்தான் அச்சேறியது. அறுவையின்போது குழாய்க்குள் மிதக்கும் துகள்களை நேரில் கண்டதாகப் பார்ன்ஸும் மெக்ளூரும் எழுதியதும் அதே ஆண்டில்தான்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. பிரான்சின் அலென் செமோன் 1988-இல் வெளியிட்ட முறை, கல் ஒட்டியிருப்பதாகக் கருதி அதை உதறி விடுவிக்க வகுக்கப்பட்டது. கருத்து பிழைபட்டபோதும் சிகிச்சை பலித்தது, இன்றும் பயன்படுகிறது.

துகள்களை இடம்மாற்றும் முறையைப் பரிந்துரைத்த அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகத்தின் 2008 வழிகாட்டுதல், தலைச்சுற்றலை அடக்கும் மாத்திரைகளை இந்நோய்க்கு வழக்கமாகக் கொடுக்கலாகாது என்றது. மாத்திரைச் சீட்டு எழுதும் பழக்கம் இன்னும் மறையவில்லை.