யாருடைய அளவுச் சட்டை?

பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 1992 செப்டம்பரில் இருபத்தைந்து பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஆதம்பாக்கத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். 1963இல் தொடங்கிய அந்தப் பயிற்சிக்கூடம் அதுவரை ஆண்களை மட்டுமே அதிகாரிகளாக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. மருத்துவம், செவிலியர் பணி ஆகிய பிரிவுகளுக்கு வெளியே இந்தியத் தரைப்படை பெண்களை அதிகாரிகளாக எடுக்கத் தொடங்கியது அப்போதுதான். 1993 மார்ச் 6 அன்று அவர்கள் பயிற்சி முடித்து, தோளில் நட்சத்திரத்தோடு வெளியே வந்தார்கள்.

ஆண்களை மட்டும் மனதில் வைத்துக் கட்டிய இடத்துக்குள் பெண்கள் நுழையும்போதெல்லாம் ஒரு கேள்வி கூடவே நுழைகிறது. இருக்கிற உடையை அவர்களுக்கும் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா? உடைக்கு ஏது ஆண், பெண் என்பது ஒரு தரப்பு. உடம்பு வேறு, அதனால் உடையும் வேறுதான் என்பது இன்னொரு தரப்பு. முதல் தரப்பு முற்போக்காகவும் இரண்டாவது பழமையாகவும் நமக்குத் தோன்றுகின்றன. வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், இரண்டிலும் பாதி உண்மை இருப்பதும், அந்தப் பாதிகளைச் சரியாகப் பிரிக்காததால் பெண்கள் தொடர்ந்து நட்டப்பட்டு வருவதும் தெரியும்.

பிரித்துப் பார்க்கத் தையல் கடையே போதும். ஆதம்பாக்கத்துத் தெருக்களில் வாசலில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் எந்தத் தையற்காரரிடம் துணியைக் கொடுத்தாலும் அவர் கேட்பது “அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?” என்பதைத்தான். ஏற்கெனவே நம் உடம்பில் சரியாக உட்கார்ந்த ஒரு சட்டையை வைத்துத்தான் புதியதை வெட்டுவார். எந்தத் தைத்த துணிக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய அளவு இருக்கிறது. ‘எல்லோருக்கும் பொது’ என்று ஒரு உடை வரும்போது பெண்ணியம் கேட்க வேண்டியதும் இதையேதான்: இதற்கு அளவுச் சட்டை யாருடையது?

தைக்காத துணிக்கு இந்தச் சிக்கல் இல்லை. நாலு முழம், எட்டு முழம் என்று வேட்டியை அளக்கிறோம். முழம் என்பதே முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, உடம்பிலிருந்து எடுத்த அளவு. புடவை ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும், பிள்ளையைச் சுமப்பவருக்கும் பெற்றெடுத்தவருக்கும் கொசுவத்தில் இரண்டு மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ பொருந்திவிடும். லுங்கி எந்த இடுப்பையும் கேள்வி கேட்பதில்லை. எல்லோருடைய உடம்புக்கும் பொருந்தும் உடை ஒன்று உண்டா என்று கேட்டால், கத்தரி படாத துணி என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் உடம்புக்குப் பொருந்திய அந்தத் துணியை எல்லோரும் உடுத்தச் சமூகம் விடவில்லை. திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடக் கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்த போராட்டம் நமக்குத் தெரிந்ததே. அதில் உற்றுக் கவனிக்க வேண்டியது அரசு கொடுத்த ‘தீர்வு’. 1829இன் பிரகடனம், கிறிஸ்தவர்களான பெண்கள் தைத்த குப்பாயத்தைப் போட்டுக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை மட்டும் கூடாது என்றது. 1859 ஜூலை 26இன் பிரகடனம் சாணார் பெண்கள் எல்லோரும் மார்பை மறைக்கலாம் என்று இறங்கிவந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற விதத்தில் உடுத்தக் கூடாது என்று ஒரு முடிச்சைப் போட்டே வைத்தது. மார்பு மறைகிறதா இல்லையா என்பதைவிட, யார் யாரைப் போலத் தெரிகிறார்கள் என்பதுதான் அவர்களை உறுத்தியது. உடை முதலில் சாதியின் சீருடையாகவும் ஆண், பெண் என்பதன் சீருடையாகவும் இருந்தது. உடம்பின் தேவை அதற்குப் பிறகுதான்.

இந்தச் சீருடையைக் கழற்றச் சொன்னவர்களில் பெரியார் முக்கியமானவர். பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ள வேண்டும், லுங்கியும் சட்டையுமாக ஆண்களைப் போல உடுத்த வேண்டும், பார்த்ததும் ஆணா பெண்ணா என்று பிரித்தறிய முடியாதபடி இருக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். நகைக்கும் புடவைக்கும் தலைவாரலுக்கும் பெண்கள் செலவிடும் நேரமும் பணமும் அவர்களை அலங்காரப் பொம்மைகளாக வைத்திருக்கின்றன என்பது அவர் வாதம். இன்று ‘பாலினப் பொது உடை’ என்று நாம் பேசுவதை இவ்வளவு வெளிப்படையாகத் தமிழில் அவருக்கு முன் பேசியவர்கள் அரிது. அவர் சொன்னது சட்டையும் லுங்கியும் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டுமே தளர்வானவை. உடம்பை இறுக்காதவை. அவருடைய யோசனை உடையிலிருந்து பாலின அடையாளத்தை எடுப்பதைப் பற்றியது. அந்த வேலை இன்னும் முடியவில்லை.

முடியவில்லை என்பதற்கு ஜார்ஜ் கோட்டையிலேயே ஆதாரம் இருக்கிறது. 2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை விதி, பெண்கள் புடவையோ, துப்பட்டாவோடு சல்வார் கமீஸோ சுடிதாரோ அணிய வேண்டும் என்றது. ஆண்களுக்குப் பேண்ட், சட்டை அல்லது தமிழ்ப் பண்பாட்டைக் காட்டும் வேட்டி. துப்பட்டா உடம்பின் எந்தத் தேவைக்கும் வந்ததில்லை, பார்ப்பவருடைய கண்ணுக்காக வந்தது. பேண்ட் சட்டை போட விரும்பும் ஒரு பெண் ஊழியருக்கு அந்த விதியில் இடமே இல்லை.

அண்டை மாநிலத்தில் வேறொன்று நடந்தது. 2021 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் பாலுச்சேரி அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் ஒரே சீருடை வந்தது. பேண்ட்டும் சட்டையும். மாணவிகள் பலர் ஓடவும் பேருந்தில் ஏறவும் வசதி என்று மகிழ்ந்தார்கள். சில மத அமைப்புகள் எதிர்த்தன. எதிர்த்தவர்கள் பெண் ஆணைப் போல ஆகிவிடுவாளே என்று பயந்தார்கள். அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு நாம் கேட்க வேண்டியது வேறு. ‘பொது’ என்று தேர்ந்தெடுத்தது ஏன் எப்போதும் ஆணின் உடையாகவே இருக்கிறது? பையன்களைப் பாவாடைக்கோ சுடிதாருக்கோ யாரும் அழைக்கவில்லை. ஆணுடைய உடை ‘மனிதருடைய உடை’ ஆகிவிடுகிறது, பெண்ணுடையது பெண்ணுக்கு மட்டும் என்று நின்றுவிடுகிறது. பேண்ட் நல்ல உடைதான். மாணவிகளுக்கு அது கிடைத்தது நல்லதுதான். ஆனால் அதை நடுநிலை என்று அழைக்கும்போது, அதன் அளவுச் சட்டை எங்கிருந்து வந்தது என்பது மறைந்துபோகிறது.

மறைந்த அளவு எங்கே உறுத்தும் என்பதைக் காவல்துறைப் பெண்கள் அறிவார்கள். தமிழ்நாட்டில் 1973இல் ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், இருபது காவலர்கள் என்று பெண்கள் முதன்முதலாகக் காவல்துறைக்கு வந்தார்கள். 1992இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தது. இன்று அவர்களும் காக்கிப் பேண்ட்டும் பெல்ட்டுமாகத்தான் நிற்கிறார்கள். முதலமைச்சர் போகும் சாலையில் மணிக்கணக்கில் பந்தோபஸ்துக்கு நிற்கும் ஓர் ஆண் காவலர் ஒரு மரத்தைப் பார்த்து ஒதுங்கிவிடலாம். அதே காக்கியில் நிற்கும் பெண்ணுக்குக் கதவுள்ள கழிப்பறை வேண்டும். மாதவிலக்கு நாளென்றால் தண்ணீரும் வேண்டும், நேரமும் வேண்டும். 2021 ஜூனில், பெண் காவலர்களைச் சாலையோரப் பாதுகாப்புப் பணியில் நிறுத்துவதைத் தவிர்க்கும்படி தமிழ்நாடு காவல்துறைக்கு உத்தரவு வந்தது. அக்கறையோடு வந்த உத்தரவுதான். ஆனால் சாலையில் கழிப்பறை வரவில்லை, சாலையிலிருந்து பெண்கள்தான் விலக்கப்பட்டார்கள். உடையைப் பொதுவாக்கி, அந்த உடை வேலை செய்யத் தேவையான ஏற்பாட்டைப் பொதுவாக்காமல் விட்டால் இப்படித்தான் முடியும்.

அளவு சரியில்லாததால் வேலையே கைவிட்டுப்போவது விண்வெளியிலும் நடந்தது. 2019 மார்ச்சில் ஆன் மெக்ளெய்ன், கிறிஸ்டினா கோக் என்ற இரண்டு பெண்கள் சேர்ந்து விண்கலத்துக்கு வெளியே நடப்பதாக நாசா அறிவித்திருந்தது. இருவருக்குமே நடுத்தர அளவு மேலுடல் பகுதி தேவைப்பட்டது. தயாராக இருந்தது ஒன்றுதான். மெக்ளெய்ன் விலகிக்கொள்ள, ஓர் ஆண் அந்த இடத்துக்குப் போனார். அக்டோபர் 18 அன்றுதான் கோக்கும் ஜெசிகா மெய்ரும் பெண்கள் மட்டுமாக முதன்முதலில் விண்ணில் நடந்தார்கள். அந்த உடைக்கு ஆண், பெண் என்ற பெயர் கிடையாது. எல்லோருக்கும் பொதுவான உடைதான். எந்த அளவில் எத்தனை தயாராக இருக்கும் என்பதில்தான் பாலினம் ஒளிந்திருந்தது.

பரங்கிமலையில் நுழைந்தவர்களின் வழிவந்த பெண்கள் இதையே நீதிமன்றத்தில் சொல்லி வென்றார்கள். 2020 பிப்ரவரி 17 அன்று பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடனே ராணுவம் எல்லோருக்கும் ஒரே உடற்தகுதி என்று ‘ஷேப்-1’ தரத்தை வைத்தது. ஆண் அதிகாரிகள் அந்தச் சோதனையைப் பணியின் ஐந்தாவது, பத்தாவது ஆண்டுகளில், இளம் வயதில் கடந்திருந்தார்கள். பெண்களுக்கோ அந்த வாய்ப்பையே அப்போது மறுத்துவிட்டு, நாற்பதையும் ஐம்பதையும் தொட்ட பிறகு அதே அளவுகோலை நீட்டினார்கள். 2021 மார்ச் 25 அன்று நிதிஷா வழக்கில் நீதிமன்றம் இது மறைமுகப் பாகுபாடு என்றது. விதியின் சொற்கள் நடுநிலையாக இருப்பது போதாது, அது யார்மேல் எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டும் என்றது. அளவுச் சட்டை யாருடையது என்ற கேள்விதான் இதுவும், சட்டத்தின் மொழியில்.

இனி உள்ளாடைக்கு வரலாம். மேலே போடும் சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் சமாளித்துவிடலாம். உள்ளாடை உடம்போடு ஒட்டிக் கிடப்பது, அங்கே ஏமாற்ற முடியாது. திருப்பூர்ப் பனியனுக்கு ஓர் எண் போதும். 85 என்றால் மார்புச் சுற்றளவு 85 செண்டிமீட்டர். பிராவுக்கு இரண்டு அளவு வேண்டும், மார்புக்குக் கீழே சுற்றளவு ஒன்று, மார்பின் பருமன் ஒன்று. இந்த இரண்டாவது அளவை எந்த நடுநிலைப் பனியனும் கேட்பதில்லை. ‘ஃப்ரீ சைஸ்’ என்று இழுபடும் துணியில் தைத்துவிட்டால் ஆயிற்று என்கிறார்கள். துணி இழுபடுகிறது என்றால் உடம்பை அழுத்துகிறது என்றும் பொருள். தளர்ந்த பாக்ஸர் எல்லோருக்கும் ஏறும். ஆனால் அதில் நாப்கின் நிற்காது. ஆண்களின் ஜட்டியில் முன்புறம் விடும் இடம் பெண்ணுக்கு வெறும் சுருக்கம்.

நம் அரசுத் திட்டங்களிலும் இந்த இடைவெளி உண்டு. 2012இல் நடைமுறைக்கு வந்த ‘புது யுகம்’ திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு ஆண்டுக்குப் பதினெட்டுப் பொட்டலம் நாப்கின் தருகிறார்கள். பள்ளிச் சீருடை நான்கு செட் தருகிறார்கள். நாப்கினை ஒட்டிக்கொள்ள வேண்டிய ஜட்டி எந்தப் பட்டியலிலும் இல்லை. வீட்டில் கிழிந்ததை மாற்றி வாங்கித் தர முடியாத பெண்ணுக்கு அந்த நாப்கின் பாதிப் பயன்தான். சொல்லக் கூச்சப்படுகிற உடை என்பதாலேயே அது பட்ஜெட்டிலும் காணாமல் போகிறது.

திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அடி வாங்கி, வீட்டை விட்டு வெளியேறிப் புடவை கட்டும் உரிமையைப் பெற்ற திருநங்கையிடம் போய், ‘இனி எல்லோருக்கும் பேண்ட் சட்டைதான்’ என்பது அவர் வென்றதைப் பிடுங்குவது. ஒரு திருநம்பிக்கு அதே சட்டை விடுதலை. ஆனால் சட்டைக்குள்ளே மார்பை இறுக்கிக் கட்டும் துணி அளவு தப்பினால் விலாவையும் மூச்சையும் வதைக்கும். காவல்துறையில் சேர விண்ணப்பித்த பிரித்திகா யாஷினி, படிவத்தில் தனக்கென்று ஒரு கட்டம்கூட இல்லாத நிலையில் சென்னை உயர் நீதிமன்றம் போய் 2015இல் வென்று, 2017இல் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். இரண்டே கட்டம் உள்ள படிவம் அவரை விலக்கியது. ஒரே கட்டமாக அதை மாற்றியிருந்தாலும் அவருடைய தேவை கணக்கில் வந்திருக்காது.

ஆக, எடுக்க வேண்டியதும் விட்டுவைக்க வேண்டியதும் வேறு வேறு. உடையின் பெயரிலிருந்தும் விதியிலிருந்தும் பாலினத்தை எடுத்துவிடலாம். புடவையோ பேண்ட்டோ வேட்டியோ, யார் எதை உடுத்துவது என்பது அவரவர் முடிவு. துப்பட்டா போடு என்று ஒருவருக்கு மட்டும் சொல்லும் விதி போகட்டும். ஆனால் அளவிலிருந்து உடம்பை எடுத்துவிடக் கூடாது. கடையில் ‘ஆண்’, ‘பெண்’ என்று இரண்டு அலமாரி வைப்பதற்குப் பதிலாக, மார்புக்குத் தாங்கல் வேண்டுமா, நாப்கின் நிற்க வேண்டுமா, முன்புறம் இடம் வேண்டுமா என்று பிரித்து வைத்தால் எல்லா உடம்புக்கும் ஏதோ ஒன்று கிடைக்கும், எந்த உடம்பும் தன் பாலினத்தைச் சொல்லி வாங்க வேண்டியதில்லை. இதற்கு ஒரே மாதிரி உடை போதாது. பல மாதிரிகள் வேண்டும். அதற்குச் செலவும் ஆகும்.

அந்தச் செலவைச் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைப்பது சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள். கணவரை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசே தையல் மிஷின் கொடுக்கிறது. வளரும் பெண்ணின் உடம்பு ஆறு மாதத்தில் எப்படி மாறும், எங்கே இரண்டு அங்குலம் உள்மடித்து விட வேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் துணியும் உருப்படிக் கூலியும் மட்டும் கொடுக்காமல், அளவெடுக்கும் நேரத்தையும் கொடுத்துச் சீருடையோடு உள்ளாடையையும் தைக்கச் சொல்லலாம். பேண்ட்டா பாவாடையா என்பதைப் பிள்ளைகள் சொல்லட்டும். டேப்பைப் பிடிக்கிறவர் ஒவ்வொரு பிள்ளையின் உடம்பையும் அளந்து எழுதிக்கொள்ளட்டும்.